திங்கட்கிழமைக் குடம்

எங்கள் பள்ளியில் 'இன்டர்நேஷனல்' என்பது போர்டில் மட்டும்தான். போர்டுக்குப் பின்னால் வேர்க்கடலைக் கொல்லை. யுகேஜி வகுப்புக்கு நான் டீச்சர். இந்த வாரம் என்ன சொல்லித்தர வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் வாட்ஸ்அப்பில் ஒரு திட்டம் வந்து விழும். எழுதுகிறவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்களோ, உத்திரமேரூர் வெயிலில் ஒரு வாரம் பனிமனிதன் செய்யச் சொன்னார்கள். பஞ்சை உருட்டி ஒட்டினோம். பிள்ளைகளுக்குப் பஞ்சுமிட்டாய் ஞாபகம் வந்து அன்றைக்குப் பாடமே நடக்கவில்லை.

அந்தத் திட்டத்தில் எனக்குத் தலைவலியாக வந்தது 'வாரத் தலைவர்'. திங்கட்கிழமை ஒரு பிள்ளைக்குப் பேட்ஜ் குத்த வேண்டும். அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு மணியை அந்தப் பிள்ளைதான் அடிக்கும். ஆரம்பத்தில் நானே பார்த்து ஒருவரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒரு பெண் கேட்டிலேயே என்னை மடக்கினாள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள், மகளை அரசு ஒதுக்கீட்டில் எங்களிடம் சேர்த்திருந்தாள்.

"இன்னா மிஸ், வேன் ஓனர் வூட்டுப் புள்ளைக்கே பேட்ஜ் குத்திக்கினு கீறீங்க. எங்க புள்ளைங்க இன்னா பாவம் பண்ணுச்சுங்க? நம்ம ஊரு கோயில் செவுத்துலயே எழுதிக்கீதே, கொடத்துல சீட்டு போட்டு எடுக்கணும்னு. அப்டி எடுங்க."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் என்ன தப்பு? மறுநாளே ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கினேன். வெள்ளிக்கிழமை எழுத்துப் பயிற்சி நேரத்தில், இன்னும் தலைவர் ஆகாத பிள்ளைகள் தங்கள் பெயரைத் தாங்களே எழுதி, மடித்துக் குடத்தில் போட வேண்டும். திங்களன்று எல்கேஜியிலிருந்து எழுத்தே தெரியாத ஒரு வாண்டு வந்து எடுக்கும். கல்வெட்டில் உள்ளபடியே செய்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

குடம் யாருக்கெல்லாமோ கொடுத்தது, அந்தப் பெண்ணின் மகளுக்கு மட்டும் கொடுக்கவில்லை. அவளுக்கோ பேட்ஜ் பெரிதில்லை, மணிதான் உயிர். டிபன் பாக்ஸ் மூடியை ஸ்பூனால் தட்டித் தட்டிப் பழகிக்கொண்டிருப்பாள். தை போய் மாசியும் வந்துவிட்டது. ஒரு புதன்கிழமை அவள் அம்மா டிசி கேட்டு வந்தாள். ஏனாத்தூர் பக்கம் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை கிடைத்திருக்கிறதாம், அடுத்த செவ்வாய்க்கிழமை வீடு மாற்றுகிறார்களாம்.

அப்படியானால் அவளுக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு திங்கட்கிழமை.

"இந்த தபா எனுக்கு வர்லன்னா மணி அடிக்கவே முடியாதா மிஸ்?" என்று வகுப்பு நடுவில் கேட்டுவிட்டு அழுதாள். "சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்டி, உன் சீட்டும் உள்ளேதானே இருக்கப் போகிறது" என்றேன். பக்கத்து வகுப்பு டீச்சர், "எந்தச் சீட்டு வந்தாலும் அவள் பேரை வாசித்துவிடேன், யாருக்குத் தெரியப் போகிறது" என்றாள். அவளோடு அன்று முழுக்க நான் பேசவில்லை. குடம் என்றால் குடம்தான்.

வெள்ளிக்கிழமை எழுத்துப் பயிற்சியில் ஒரே கூச்சல். சீட்டு எழுத வேண்டியவர்களெல்லாம் இவளுடைய தண்ணீர் பாட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். "தண்ணி குடிக்க இவ்வளவு நேரமா?" என்று கத்தி அவரவர் இடத்துக்கு விரட்டினேன். பாட்டிலில் அவள் பெயர் ஒட்டியிருந்தது எனக்கு உறைக்கவில்லை.

திங்களன்று மூக்கொழுகிக்கொண்டு வந்த எல்கேஜி வாண்டு, தோள் வரை கையை விட்டுத் துழாவி ஒரு சீட்டை எடுத்தது. பிரித்தேன். அவள் பெயர். முதல் எழுத்து வலம் இடமாகத் திரும்பி நின்றது. பயத்தில் எழுதியிருப்பாள் என்று நினைத்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. உடனே பேட்ஜைக் குத்திவிட்டேன்.

அப்போது கடைசி வரிசையில் ஒரு பையன் ஓவென்று அழுதான். "அழுகுணி ஆட்டம் மிஸ் இது. அல்லாரும் அவ பேரத்தான் எழுதிக்கீறாங்க. நான் மட்டும்தான் எம் பேர எழுதினேன்."

குடத்தை மேசைமேல் கவிழ்த்தேன். அவன் சொன்னது நிஜம். கோணல் மாணலாக, ஒன்றில் ஓர் எழுத்து குறைந்து, ஒன்றில் கூடி, எல்லாவற்றிலும் அவள் பெயர். நடுவில் அவனுடைய சீட்டு ஒன்று. இவர்கள் யாரும் ஒரு தரம்கூட மணியைத் தொட்டதில்லை.

"எதுக்குடா இப்படிப் பண்ணீங்க?" என்றேன்.

"அவ பூடுவா இல்ல மிஸ்," என்றது முன் வரிசை. "நாங்க இங்கதான கீறோம்."

முறைப்படி பார்த்தால் தேர்தல் செல்லாது. பேட்ஜைக் கையால் பொத்திக்கொண்டு அவள் என்னையே பார்த்தாள். கல்வெட்டு வெட்டிய பெரியவர்கள் மன்னிக்கட்டும், நான் சீட்டுகளை அள்ளிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒழுங்காகச் சீட்டு எழுதியவன் இவன் ஒருவன்தான் என்று சொல்லி அந்தப் பையனுக்கும் எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வாரம் தன் பேரையும் எல்லாரும் எழுதுவார்களா என்று கேட்டான்.

மதியம் அவள் அடித்த அடியில், என்னவோ ஏதோ என்று வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார். போதும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் அம்மா வந்தாள். பேட்ஜைப் பார்த்ததும் முகம் மலரவில்லை, சந்தேகம்தான் வந்தது. "பாவம் பாத்து நீங்க எதுனா பண்ணிட்டீங்களா மிஸ்?"

"நான் ஒண்ணும் பண்ணலைம்மா. குலுக்கித்தான் எடுத்தோம். குடத்துக்குள்ள என் கை போகவே இல்ல."

"அப்டின்னா சரி." அப்போதுதான் சிரித்தாள். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "பாத்தியா, நீ போட்டது ஒரே சீட்டு. அதுக்கே வந்துக்கீது."

"ஒண்ணு இல்லம்மா," என்றாள் மகள். "அல்லாரும் எனுக்குத்தான் போட்டாங்க."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வேன் வரிசையைச் சரிபண்ணப் போய்விட்டேன்.