ஒரே ஒரு ஆள் ஓட்டிய மொழி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோவில்பட்டியிலிருந்து ஹைதராபாத்துக்கு வேலைக்கு வந்த புதிதில் அதை அடக்கி வைக்கப் பார்த்தேன். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஆபீஸில் என் வேலையே பிறர் எழுதிய நிரல்களில் குற்றம் கண்டுபிடிப்பதுதான். டெஸ்டிங் என்று அதற்குப் பெயர். குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளமும் கொடுத்துவிட்டு, வாயையும் மூடிக்கொள் என்றால் எப்படி?

என் இடத்துக்கு அடுத்த தடுப்பில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அதே ஊரில், மாரெட்பள்ளியில் நாலைந்து தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ்தான், ஆனால் ஹைதராபாத் உருது கலந்து 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்' என்பார், 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' என்பார். ஆபீஸில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். தமிழில் பேசும்போது மட்டும் அவர் எனக்கு சார், நான் அவருக்கு மேடம். யாரோ எப்போதோ எழுதிவிட்டுப் போன ஒரு பழைய நிரலுக்கு ஒட்டுப்போடுவது அவர் வேலை. ஏழு வருஷமாக அதையேதான் செய்துகொண்டிருந்தார்.

இரண்டாயிரத்து நான்கு வாக்கில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், திருட்டுச் சாமான் விற்பவர் போலக் குரலைத் தாழ்த்தி, தான் வீட்டில் சொந்தமாக ஒரு கணினி மொழி உண்டாக்கியிருப்பதாகச் சொன்னார். மொழி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. முப்பது, முப்பத்தைந்து சொற்கள். அந்தச் சொற்களை வைத்து நாம் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தால், வரி வரியாகப் படித்து அதன்படி செய்து முடிக்க ஓர் இன்டர்பிரட்டர். அதையும் அவரேதான் எழுதியிருந்தார். உண்மைக்கு 'ஹவ்', பொய்க்கு 'நக்கோ', எல்லாம் ஆங்கில எழுத்தில். ஸ்கிரிப்டில் தப்பு இருந்தால் 'கைக்கு' என்று ஒரு சொல் திரையில் வரும். 'எதற்காக இப்படி?' என்று பொருள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது.

அதை ஓர் இலவசத் தளத்தில் போட்டு வைத்திருந்தார். நண்பர்களுக்கெல்லாம் மெயில் அனுப்பியிருந்தார். எல்லோரும் 'சூப்பர்' என்று பதில் போட்டார்கள். ஒருவரும் ஓட்டிப் பார்க்கவில்லை.

"ஒரே ஒருத்தர் போதும் மேடம்" என்றார். "என்னைத் தவிர இன்னொரு ஆள், ஏதாவது நிஜ வேலைக்கு ஓட்டணும். நானே எழுதி நானே ஓட்டறது, என் வீட்டுக் கதவை நானே தட்டி நானே போய்த் தொறக்கற மாதிரி இருக்கு."

எனக்குப் பாவமாக இருந்தது. கூடவே ஒரு தேவையும் இருந்தது. தினமும் காலையில், முந்தைய நாள் வந்த முடிவுகளின் பட்டியலையும், வந்திருக்க வேண்டிய முடிவுகளின் பட்டியலையும் வைத்துக்கொண்டு எங்கெங்கே மாறுகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாயிரம் வரிகள். கண் பூத்துப் போகும். சரி, இவர் மொழியில் எழுதித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்.

முதல் ஸ்கிரிப்டை ஓட்டியதுமே 'கைக்கு' என்றது. எந்த வரியில் தப்பு என்று சொல்லவில்லை. நாற்பது வரிகளையும் மேலிருந்து கீழே படித்து ஒன்றைத் திருத்தினேன். மறுபடியும் 'கைக்கு'. மூன்றாவது தடவை நான் எழுந்து நின்று தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

"சார், கேள்வி கேக்க மட்டும் தெரியுதுல்ல, எந்த வரின்னு சொல்லித் தொலைச்சா என்ன? நான் என்ன ஜோசியமா பாக்க?"

தமிழ் தெரியாதவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கோ முகமெல்லாம் பல். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை புதுப் பதிப்பு வந்தது, வரி எண்ணோடு.

அப்படித்தான் எங்கள் வாடிக்கை ஆரம்பித்தது. வாரம் பூராவும் நான் திட்டுவேன், ஞாயிற்றுக்கிழமை அவர் திருத்துவார், திங்கட்கிழமை பென் டிரைவோடு வந்து, "இந்த வாரம் என்ன தகராறு மேடம்?" என்று நிற்பார். நடுவில் ஒரு காலி வரி வந்தால் இன்டர்பிரட்டர் அங்கேயே படுத்துக்கொள்ளும். பெரிய ஃபைலைக் கொடுத்தால் நான் டீ குடித்துவிட்டு வந்த பிறகும் யோசித்துக்கொண்டிருக்கும். இதை எழுதியவர் சோற்றில் உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறாரா என்றுகூட ஒரு நாள் கேட்டிருக்கிறேன். "ஹவ் மேடம், கொஞ்சம் ஜாஸ்தியாவே" என்றார்.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படிப் போயிற்று. பிறகு எங்கள் குழுவில் புதிதாக இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். என் ஸ்கிரிப்டை அவர்களும் ஓட்ட வேண்டும். குழுத் தலைவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, இது என்ன மொழி என்றார். சொன்னேன். இதை உண்டாக்கியவர் நாளைக்கே வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் யாரைக் கேட்பது, எல்லோருக்கும் தெரிந்த ஏதாவது ஒன்றில் மாற்றி எழுது என்றார். நியாயம்தான். ஒரே நாளில் மாற்றி எழுதிவிட்டேன். திங்கட்கிழமை சார் பென் டிரைவோடு வரும்போது சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை நல்ல மழை. தொப்பலாக நனைந்து வந்தார். பென் டிரைவை மட்டும் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி வைத்திருந்தார். "பாதி நேரத்துல முடிச்சிடும் இப்ப. ஓட்டிப் பாருங்க மேடம்" என்றார். வாய் நீளம் என்று பேர் எடுத்த எனக்கு அன்று வாயே வரவில்லை. அடுத்த வாரம் அவர் வந்து நின்றபோது, எல்லாம் நன்றாக ஓடுகிறது என்றேன். "ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்ட அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. சும்மா ஒரு குறையை இட்டுக்கட்டிச் சொன்னேன். சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனார்.

ஏழு மாதம் இட்டுக்கட்டினேன். வாரம் ஒரு பொய். அவர் மனம் நோகக் கூடாது என்று மிக இதமாகச் சொல்வேன். கடைசியாகச் சொன்னதுதான் பெரிய பாவம். பட்டியலில் ஒரே வரி இரண்டு தடவை வந்தால், சில சமயம் அதில் ஒன்று காணாமல் போகிறது என்றேன். எப்போதும் வரும் தப்பை எப்படியும் பிடித்துவிடலாம். சில சமயம் வரும் தப்பு, நிரல் எழுதுபவரின் பிராணனை வாங்கிவிடும். அது தெரிந்தும் 'சில சமயம்' என்றேன், பொய்க்கு ஒரு பாதுகாப்பாக.

முதல் ஞாயிறு அவருக்கு அது அகப்படவில்லை. இரண்டாவது, மூன்றாவது ஞாயிறும் இல்லை. நான்காவது திங்கட்கிழமை பகல் முழுக்க மீட்டிங். சாயந்திரம் ஐந்தரைக்குத்தான் என் இடத்துக்கு வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நேத்து ஹப்சிகுடால மச்சினிக்கு சீமந்தம். வீட்ல எல்லாரும் போனாங்க. நான் போகலை மேடம், இதைத்தான் பார்த்துட்டிருந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. "ஐயோ, சாரி சார். அது இப்ப வாரதில்ல. தயவுசெஞ்சு அதை விட்ருங்க. இனிமே சிரமப்படாதீங்க."

"தப்பு வந்த அந்த ஃபைலை மட்டும் குடுங்க."

"அழிச்சிட்டேன் சார். மன்னிச்சுக்கோங்க."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். "மேடம், நீங்க எப்பலேர்ந்து ஓட்டறதில்லை?"

"யார் சொன்னா?"

"நீங்கதான். சாரி, மன்னிச்சுக்கோங்க, சிரமப்படாதீங்க... நிஜமா ஓட்டறவங்களுக்கு இவ்ளோ மரியாதை எங்கேர்ந்து வரும்?"

எல்லாவற்றையும் சொன்னேன். குழுத் தலைவர் சொன்னது, மழை, ஏழு மாதம். சொல்லச் சொல்ல என் மேல் எனக்கு வந்த ஆத்திரம் அவர் மேலும் பாய்ந்தது. "சந்தேகம் வந்ததுமே கேட்டிருக்கலாம்ல சார்? வீட்டு விசேஷத்தை விட்டுட்டு உக்காந்திருக்கீங்க. நான்தான் கூறுகெட்டவ, நீங்க எனக்கு மேல இருக்கீங்க."

"நேத்து சாயந்திரம்தான் மேடம் தோணிச்சு. நான் எழுதின புரோகிராம் மொத்தத்தையும் மூணு வாட்டி படிச்சேன். நீங்க சொல்றது நடக்க வழியே இல்லை." அவர் குரலில் கோபம் இல்லை. பிறகு கேட்டார்: "அந்த முதல் வருஷம்? அதுவும் என் மேல பரிதாபப்பட்டுச் சொன்னதுதானா?"

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. என் பொய் முன்னால் போகும் என்றுதான் நினைத்திருந்தேன்; பின்னால் போய், உண்மையாக நடந்ததையும் தின்றுவிடும் என்று தெரியவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஓர் ஆள். அந்த ஆளும் இல்லை என்று ஆக்கிவிட்டேன். இல்லை சார், சத்தியமாக இல்லை என்று சொல்லலாம். ஏழு மாதம் பொய் சொன்ன வாயின் சத்தியத்துக்கு என்ன மதிப்பு?

கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி ஒரு பழைய ஃபோல்டரைத் திறந்தேன். தினமும் ஸ்கிரிப்டை ஓட்டியதும் முடிவு அதில் ஒரு ஃபைலாக விழும். அழிக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டிருந்தேன். தேதி வாரியாக, கிட்டத்தட்ட முந்நூறு ஃபைல்கள். திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

முதல் ஃபைலைத் திறந்தார். உச்சியில் அவருடைய இன்டர்பிரட்டரின் பதிப்பு எண். அதன் கீழே மாறியிருந்த வரிகள். அடுத்ததைத் திறந்தார். அதற்கடுத்ததை. விரலால் ஒரு தேதியைத் தொட்டுக் காட்டினார்.

"இது ஞாயித்துக்கிழமை."

"ரிலீஸ் இருந்துச்சு. வந்து ஓட்டுனேன்."

"இது பொங்கல்."

"ஊருக்கு டிக்கெட் கெடைக்கல. வந்து இதை ஓட்டிட்டுப் போனேன்."

"என்கிட்ட இதெல்லாம் சொன்னதே இல்லையே மேடம். ஒரு வருஷத்துல நீங்க சொன்னது மொத்தம் அம்பது தகராறு இருக்குமா?"

"ஓடாத அன்னிக்கு உங்ககிட்ட வந்து திட்டுனேன். ஓடுன அன்னிக்கு டீ குடிக்கப் போயிட்டேன். ஓடுனதை யாரு சார் வந்து சொல்லுவா?"

என் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றைக்கூடத் தாண்டாமல் திறந்து, படித்து, மூடி, அடுத்ததைத் திறந்தார். குகட்பள்ளிக்கு நான் வழக்கமாகப் போகும் பஸ் போயிருக்கும். அதற்கடுத்ததும் போயிருக்கும். அவர் அப்போதுதான் இரண்டாவது மாதத்துக்கு வந்திருந்தார்.