செம்பருந்துக்குப் பதினாறாம் நாள்

கோட்டையூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே என் கூரியர் கடை. அதை ஒட்டியிருப்பது கல்யாணசுந்தரியின் தையல் கடை. வயது நாற்பத்து நான்கு. ரவிக்கை தைப்பதில் கெட்டிக்காரி, வாயும் கெட்டி. கல்யாணமான ஆறாவது மாதமே புருஷன் வீட்டை விட்டுக் கிளம்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களை அளவு எடுப்பது போல மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பாள். அதோடு அவர்கள் துணியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். கோபத்தை மறக்கிற ஜென்மம் இல்லை அவள். அந்த விஷயத்தில் நானும் அவள் கட்சி.

அவளுக்கு ஒரே தம்பி, முத்துக்கிருஷ்ணன். புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் எலக்ட்ரீஷியன். அவன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை, அக்காவோடுதான் இருந்தான். இரண்டு பேருக்கும் சின்ன வயதிலிருந்தே ஒரு பைத்தியம் உண்டு. மதுரையிலிருந்து மாதாமாதம் வரும் பொன்வண்டு காமிக்ஸ். அதன் நாயகன் செம்பருந்து காரைக்குடியில் பிறந்தவன் என்பது கதை. காக்கிச் சட்டை, கறுப்பு முகமூடி, கழுத்தில் சிவப்புத் துண்டு. துண்டை உதறி விரித்தால் பறப்பான். நூற்றுத் தொண்ணூற்றொன்பது இதழ் அந்த ஒரே துண்டோடு பறந்திருக்கிறான். பார்சல் என் கடைக்கு வந்ததும் தம்பி முதலில் படிப்பான், அப்புறம் அக்கா. இடையில் நான் புரட்டியது இரண்டு பேருக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார்கள்.

போன மாசியில் ஆலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த முத்துக்கிருஷ்ணன் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தொரு வயது. ஊர் வழக்கப்படி கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து மூன்று இடத்தில் ஒட்டினோம். ஒன்றை மாடு தின்றது. ஒன்றைச் சாக்கடை வேலைக்காரர்கள் சுவரோடு இடித்தார்கள். மூன்றாவது பஸ் ஸ்டாப் சுவரில், சரியாக அவள் கடைக்கு எதிரே இருந்தது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அதைப் பார்த்து, “வாரேண்டா” என்று சொல்லிவிட்டுத்தான் மிஷினில் உட்காருவாள்.

ஆறாம் நாள் காலையில் ஷட்டரைத் தூக்கினாள். சுவரில் தம்பி இல்லை. அவன் முகத்தின் மேல், அச்சாக அதே அளவில், இன்னொரு கண்ணீர் அஞ்சலி. கறுப்புக் கட்டம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் செம்பருந்து. ‘நேற்று வீரமரணம் அடைந்தார். பதினாறாம் நாள் காரியம் காரைக்குடி கல்யாண மண்டபத்தில். அனைவரும் வருக.’ கீழே சின்ன எழுத்தில் இருநூறாவது இதழுக்கான முன்பதிவு எண்.

அவள் அழவில்லை. அந்த எண்ணுக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். எடுத்தவர் பொன்வண்டு ஆசிரியர் அழகுசுந்தரமே. தம்பி போஸ்டரைப் பற்றி இவள் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது.

“அம்மா, சுவரு எல்லாத்துக்கும் பொதுதானே? உங்க ஆளு செத்து ஆறு நாளாச்சு. எங்க ஆளு நேத்துத்தான் செத்திருக்காரு.”

போனை வைத்தாள். கத்தரிக்கோலை எடுத்துக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

“அண்ணே, எந்தக் கையி இத ஒட்டச் சொல்லுச்சோ, அந்தக் கையாலயே இத உரிக்க வைப்பேன். ஊரு பாக்க. அது வரைக்கும் ஒரு பய இந்தச் சுவரத் தொடக்கூடாது.”

“நாமளே உரிச்சிருவோமே தங்கச்சி.”

“நீங்க பேசாம இருங்க.”

நான் பேசாமல் இருந்தேன்.

இதற்குள் வாசகர்களின் வாட்ஸ்அப் குழு கொதித்துக்கொண்டிருந்தது. இருநூற்று நாற்பது பேர். துபாயில் இருக்கும் ஒருவர் நிஜமாகவே மொட்டை அடித்துப் படம் போட்டார். ஒருவர் சந்தாவைத் திருப்பிக் கேட்டார். இது சும்மா விளம்பரம், அடுத்த மாதமே வந்துவிடுவான் என்று ஒருவர் சொல்ல, அவரை நாலு பேர் சேர்ந்து திட்டினார்கள். செம்பருந்து செத்த பத்தாம் நாள் ஒரு படம் கசிந்தது. பதினாறாம் நாள் மண்டபத்தில் செம்பருந்து மறுபிறவி எடுக்கிறானாம், புது உடையில். கழுத்து முதல் கணுக்கால் வரை பளபளக்கும் கறுப்பு ரப்பர், மார்பில் தகடு. துண்டைக் காணோம்.

திட்டு மழை பொழிந்தது. மானகிரி விவசாயி கருத்தையா, அறுபது வயது, ஆயுள் சந்தாக்காரர், “துண்டு இல்லாம எதை விரிச்சுப் பறப்பான், வாயையா?” என்று குரல் பதிவு அனுப்பினார். சுந்தரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“கக்கத்துல காத்துப் போக வழியில்ல. பின்னாடி ஜிப்பு. ஒண்ணுக்குப் போகணும்னா ரெண்டு ஆளு வேணும். தச்சவன் மூஞ்சியப் பாக்கணும்.”

பிறகு ஒரு நிமிடம் யோசித்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நல்ல வெளிச்சம் இல்லை.

“அண்ணே, அந்தாளு பதினாறாம் நாளுன்னு தேதி போட்டு எல்லாத்தையும் வரச் சொல்லியிருக்கான்ல? போயிருவோம். மொறையோட போவோம்.”

அழகுசுந்தரம் செய்த தப்பு அதுதான். எங்கள் பக்கத்தில் சாவுக்குத் தேதியும் இடமும் போட்டுவிட்டால் அது விளையாட்டு இல்லை. வருகிறவர்கள் செய்முறையோடுதான் வருவார்கள். பதினாறாம் நாளில் செத்தவருக்கு வாரிசு யாரோ, அவரை உட்கார வைத்துச் சொந்தக்காரர்கள் புதுத்துண்டை எடுத்துத் தலைப்பாகை கட்டுவார்கள். அதற்கு உருமா கட்டுவது என்று பேர். உருமா கட்டிவிட்டால் செத்தவர் செத்தவர்தான், பொறுப்பு இனி இவருடையது. முத்துக்கிருஷ்ணனின் காரியத்தில் உருமா கட்டிக்கொள்ள மகன் இல்லை. சித்தப்பா மகன் ஒருவன் வந்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கட்டிக்கொண்டு போனான். அன்றைக்கு அவள் முகத்தை நான் பார்த்தேன்.

குழுவில் அவள் ஒரே ஒரு பதிவு போட்டாள். ஆளுக்கு ஒரு சிவப்புத் துண்டு, புதுசு.

மண்டபத்தில் நாற்பத்து மூன்று பேர் சேர்ந்தோம். பத்திரிகைக்காரர்கள், யூடியூப் ஆட்கள், பள்ளிப் பிள்ளைகள் வேறு. மேடையில் மாலை போட்ட செம்பருந்து படம். அழகுசுந்தரம் வெள்ளைச் சட்டையில் சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு, “நம் செம்பருந்து நம்மை விட்டுப் போய்விட்டான்” என்று மைக்கில் தொடங்கினார். அடுத்து புகை வர வேண்டும், ரப்பர் உடைக்காரன் குதிக்க வேண்டும்.

அதற்கு முன் சுந்தரி ஒப்பாரி வைத்தாள். மண்டபம் அதிர்ந்தது. நாங்கள் வரிசையாக மேடை ஏறினோம். கருத்தையா ஆசிரியரின் தோளை அழுத்தி நாற்காலியில் உட்கார வைத்தார்.

“செம்பருந்து பெத்த புள்ள இல்லாத மனுசன். எழுதி வளத்தது நீங்க. நீங்கதான் வாரிசு. உக்காருங்க.”

“அய்யா, இது ஒரு நிகழ்ச்சி...”

“காரியத்துக்குக் கூப்பிட்டுப்புட்டு நிகழ்ச்சிங்கிறீகளே!”

கேமராக்கள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. மனுஷனுக்குக் கேமராவைக் கண்டால் எழுந்திருக்க மனசு வராது. கருத்தையா முதல் துண்டைக் கட்டினார். அதன் மேல் இரண்டாவது, மூன்றாவது. பத்துத் துண்டுக்கு மேல் தலை நிற்கவில்லை, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் புகை வந்தது, ரப்பர் உடைக்காரன் குதித்தான். வியர்த்து வழிந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, “நான் சாகவில்லை!” என்றான்.

சுந்தரி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“யாருப்பா நீ? துக்க வீட்டுல வந்து கூத்தடிக்கிற? வாரிசுக்கு உருமா கட்டியாச்சு. அங்குட்டுப் போ.”

பள்ளிப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் ஆசிரியரைப் பார்த்தான். ஆசிரியரால் தலையைத் திருப்ப முடியவில்லை. எனக்கு வயிறு குளிர்ந்துபோனது. மறைக்க என்ன இருக்கிறது?

“உருமாவோட ஒரு எடத்துக்கு வரணும். இதுதான் மொறை. எல்லாக் கேமராவும் வருது” என்றாள் சுந்தரி. கேமரா என்றதும் அவர் சிரித்துக்கொண்டே வேனில் ஏறினார். இதுவும் விளம்பரம்தான் என்று கணக்குப் போட்டிருப்பார்.

கோட்டையூர் பஸ் ஸ்டாப்பில் இறக்கினோம். சுவருக்குக் கீழே வாளியில் தண்ணீரும் ஒரு துணியும் வைத்தேன். சுந்தரி அவர் எதிரே போய் நின்றாள்.

“ஆறு நாளு பழசுன்னு சொன்னீகளே, அது எந்தம்பி. இதுக்கு அடியில இருக்கான். உரிங்க.”

அவருக்கு அப்போதுதான் போனில் பேசியது ஞாபகம் வந்தது. சிரிப்பு போய்விட்டது. சுற்றிலும் பார்த்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள், டீக்கடைக்காரர்கள், கேமராக்கள். யாரும் வழி விடவில்லை. குனிந்து துணியை நனைத்தார். உருமா சரிந்து ஒரு கண்ணை மூடியது. சுவரை நன்றாக ஊற வைத்தார், மேல் மூலையை நகத்தால் கிளப்பினார், இழுத்தார். செம்பருந்து அழகாக, கிழியாமல், முழுசாக வந்தான்.

சுவரில் முத்துக்கிருஷ்ணனின் மீசைக்குக் கீழே மட்டும் இருந்தது. தாடை, சட்டைக் காலர், பிறந்த தேதி, இறந்த தேதி. கண்ணும் நெற்றியும் ஆசிரியர் கையில் இருந்த தாளின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. சுந்தரி அந்த ஈரத் தாளை வாங்கிச் சுவரில் வைத்துப் பார்த்தாள். அது வழுக்கிக் கீழே இறங்கியது.

“தெரியாமப் பண்ணிட்டேம்மா. அடுத்த இதழ்ல தம்பி படத்த முழுப் பக்கத்துக்குப் போட்டுடறேன்.” இந்தத் தடவை அவர் நடிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

“அடுத்த இதழ்ல உங்க ஆளு எந்திரிச்சு வந்துருவான். எந்தம்பி வருவானா?”

அவர் துண்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து வாளியின் மேல் வைத்துவிட்டு நின்றார். அவள் கடைக்குள் போய் ஷட்டரை உள்ளிருந்து இழுத்துவிட்டாள். தம்பி செத்த அன்று அழாத அழுகையை அழுதாள், எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

மைதாப் பசையில் ஒட்டி, வெயிலில் இரண்டு வாரம் காய்ந்த இரண்டு தாள் தனித்தனியாக வராது. இருபது வருஷமாகப் பார்சல் ஒட்டுகிறவன் நான், எனக்குத் தெரியும். வாளியைக் கொண்டுபோய் வைக்கும்போதே தெரியும். அந்த ஆள் ஊர் பார்க்கக் குனிய வேண்டும் என்ற வெறியில் வாயைத் திறக்காமல் நின்றேன். சுந்தரியிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை.