அரைப்பேர்

முதலில் அந்த வண்ணக் காகிதத் தூறலைச் சொல்லிவிடுகிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கொழும்பிலிருந்து எங்களுக்கு அனுப்பிய வேலைப் பட்டியல் மென்பொருளில், ஒரு வேலையை 'முடிந்தவை' என்ற நிரலுக்கு இழுத்துவிட்டால் போதும், திரை முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் காகிதத் துணுக்குகள் கொட்டும். பதுளையில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில், கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைத்துக்கொண்டு வேலை செய்கிற இரண்டு பெண்களுக்கு இந்தக் கொண்டாட்டம் எதற்கு என்று யாரும் யோசிக்கவில்லை.

எங்களுடையது தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனம்; அவர்களின் பத்திரங்களைப் பார்ப்பது நான். பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, அடையாள அட்டை, இப்படி. தொழில் சம்பந்தமான முறைப்பாடுகளைப் பார்ப்பது என்னோடு வேலை செய்யும் இன்னொரு பெண். பசறைப் பக்கமும் தெமோதரைப் பக்கமும் உள்ள தோட்டங்கள் எங்கள் பொறுப்பு.

மென்பொருள் வருவதற்கு முன் என்னிடம் ஒரு சீ.ஆர். கொப்பி, தடித்த குறிப்பேடு, இருந்தது. ஆளுக்கு ஒரு பக்கம். விண்ணப்பத்தைக் கொடுத்ததும் பக்கத்தின் மேல் மூலையை மடித்துவிடுவேன். பத்திரம் அந்த ஆளின் கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் மூலையை நிமிர்த்துவேன். என் முறை அவ்வளவுதான். கொப்பியை எடுத்தாலே மடிந்த மூலைகள் விரலில் தட்டும். இன்னும் இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். எட்டு வருடம் நான் ஒருவரையும் மறக்கவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அந்தக் கொப்பியைத்தான் தலைமை அலுவலகத்து அதிகாரி நிறுத்தச் சொன்னார். என்னைவிடப் பத்து வயது இளையவர், மரியாதையான பிள்ளை, திரையில் எப்போதும் சிரித்த முகம்.

"மிஸ், இனிமே எல்லாம் சிஸ்டத்துல வரணும். கொப்பி வேணாம். ரெண்டும் வச்சிருந்தா குழப்பம்தானே."

"எங்க வேலை இந்த மூணு நிரல்ல அடங்காதே சேர்," என்றேன்.

"அடங்கும் மிஸ். எல்லா நாட்டுலயும் இப்படித்தான் செய்றாங்க."

செய்யவேண்டியவை, செய்துகொண்டிருப்பவை, முடிந்தவை. மூன்றே நிரல். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை என்று தமிழில் மொழிபெயர்த்திருந்தார்கள். மலைநாட்டில் அட்டை என்றால் காலில் ஏறி இரத்தம் குடிப்பது என்று அவரிடம் சொன்னேன். பெரிய பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நாங்கள் இருவரும் அதைச் சீட்டு என்றே அழைத்தோம். தினமும் காலை எட்டரைக்குத் திரையில் கூடி, யார் யாருக்கு என்ன வேலை என்று பேசவேண்டும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் பெரட்டு. தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி, இன்றைக்கு எந்த மலை, என்ன வேலை என்று பிரித்து அனுப்புவார்களே, அது. என் அம்மா முப்பது வருடம் பெரட்டில் நின்றாள். அவளுடைய மகள் கணினி முன் உட்கார்ந்து பெரட்டு எடுத்தாள்.

சரி, பழகிக்கொள்வோம் என்றுதான் நானும் நினைத்தேன். விண்ணப்பம் கொடுத்தவுடன் சீட்டை 'முடிந்தவை'க்கு இழுக்கச் சொன்னார்கள். நம் கையில் உள்ள வேலை முடிந்துவிட்டதே, மீதி அரசாங்கத்தின் வேலை என்பது விளக்கம். இழுத்தேன். கொட்டியது. பதினான்கு நாளில் முடிந்த சீட்டுகள் தாமாகவே கண்ணிலிருந்து மறைந்துவிடும். திரை சுத்தமாக இருக்குமாம்.

அப்படி மறைந்த சீட்டுகளில் ஒன்று, தெமோதரைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்துப் பெண்பிள்ளையுடையது. உயர்தரம் சித்தியடைந்தவள். அடையாள அட்டை இல்லாமல் கடிதம் காட்டித்தான் பரீட்சை எழுதியிருந்தாள். தாதிப் பயிற்சிக்கு நேர்முகம் வந்திருந்தது. அதற்குக் கடிதம் செல்லாது, அட்டை கட்டாயம் வேண்டும். அவளுடைய பெயர் இரண்டு சொல். பாடசாலைச் சான்றிதழில் இரண்டும் இருந்தன, பிறப்புச் சான்றிதழில் முதல் சொல் மட்டும். அதற்காக, இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி இணைத்துத்தான் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். நேர்முகத்துக்கு இரண்டரை மாதம் இருந்தது. தாராளமான நேரம்.

ஒரு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவளுடைய அம்மா தொலைபேசியில் அழைத்தார். கொழுந்து நிறுக்கும் நேரம். காற்றும் சத்தமுமாக இருந்தது.

"மிஸ், நான்தான். அரைப்பேருதான் இருக்காம் மிஸ். அது பத்தாதுன்னுட்டாங்க. நீங்கதான் பேசணும்."

"யாரு அக்கா சொன்னா?"

"கணக்கப்பிள்ளை ஐயாதான் வந்து சொன்னாரு."

"சரிக்கா. நாங்க பாத்துக்கிறோம்."

தோட்டத்தில் ஒரு ஆளுக்குப் பேர் இரண்டு. ஒன்று பெற்றவர்கள் வைத்தது. மற்றது ஒரு நாள் வேலை. பறித்த கொழுந்து நிறை சரியாக இருந்தால் அன்றைக்குப் பேர் விழும். குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். அந்த வாரம் முழுக்க அரைப்பேர் முறைப்பாடுகளாகவே வந்துகொண்டிருந்தன. பேர் போடுகிற கணக்கப்பிள்ளை சொன்னார் என்றதும் எனக்கு வேறு யோசனையே வரவில்லை. மென்பொருளில் வகை கேட்டது. 'தொழில்' என்று போட்டேன். சீட்டு, முறைப்பாடுகளைப் பார்க்கும் என் தோழியிடம் போனது. அவள் தோட்டத்தில் விசாரித்தாள். அந்த அம்மாவுக்கு எல்லா நாளும் முழுப்பேர்தான் விழுந்திருந்தது. முறைப்பாடு தவறு என்று எழுதிச் சீட்டை முடித்தாள். மறுபடியும் காகிதம் கொட்டியது.

கொப்பி இருந்திருந்தால் அந்த அம்மாவின் குரலைக் கேட்டதும் பக்கத்தைப் புரட்டியிருப்பேன். மடிந்த மூலை விரலில் தட்டியிருக்கும். இதை எத்தனை முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேனோ தெரியாது. பாதிக் குற்றத்தை அந்தத் திரைமேல் போடுகிறேன். மீதிப் பாதி என்னுடையது. தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். எந்தப் பேர் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

நேர்முகத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்தப் பெண்பிள்ளை படியேறி வந்தாள்.

"மிஸ், ஐடென்டி வந்துருச்சா? அம்மாகிட்ட பாத்துக்கிறோம்னு சொன்னீங்களாமே."

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அடையாள அட்டை விண்ணப்பத்துக்குச் சிங்களத்தில் வந்த பதிலைக் கணக்கப்பிள்ளை படித்துச் சொல்லியிருக்கிறார். பிறப்புச் சான்றிதழில் பாதிப் பெயர்தான் இருக்கிறது, சத்தியக்கடதாசி போதாது, பாடசாலை அதிபரின் கடிதமும் வேண்டும். அவ்வளவுதான். ஒரே ஒரு கடிதம். ஒரு காலைப் பொழுதில் முடித்திருப்பேன்.

என் தோழி அழுதுவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அன்றைக்கே அதிபரிடம் ஓடினேன், விண்ணப்பத்தை மறுபடியும் கொடுத்தேன், எங்கள் அலுவலகத்துக் கடிதத் தாளில் ஒரு கடிதமும் எழுதி அவளிடம் தந்தேன். அந்தக் கடிதத்தோடு நேர்முகத்துக்குப் போனாள். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்தமுறை எப்போது என்று கேட்டதற்கு, அறிவிப்போம் என்றார்களாம்.

மறுநாள் காலைப் பெரட்டில் அதிகாரி சிரித்துக்கொண்டே, "இந்த மாசம் நம்ம வேலை முடிக்கிற வீதம் நல்லாருக்கு மிஸ்," என்றார். நான் கமராவை அணைத்துவிட்டேன். இல்லையென்றால் என் வாயிலிருந்து என்ன வந்திருக்குமோ எனக்கே தெரியாது.

அன்று முழுக்க வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை. அந்தத் திரையைப் பிரித்துப்போட்டேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மூன்று நிரல்களையும் அழித்தேன். எங்கள் வாயில் வருகிற மாதிரியே நான்கு நிரல் போட்டேன்: சொன்னாங்க, குடுத்தாச்சு, திரும்பி வந்துருச்சு, கைக்கு வந்துருச்சு. 'குடுத்தாச்சு'வில் ஒரு சீட்டு ஏழு நாள் கிடந்தால் சிவப்பாகி மேலே ஏறிவரும்படி செய்தேன். அதுதான் என் மடித்த மூலை. ஆள் தன் பத்திரத்தைக் கையில் பிடித்திருக்கும் படத்தை ஏற்றாமல் எந்தச் சீட்டும் கடைசி நிரலுக்குப் போகாது. பதினான்கு நாளில் மறையும் வசதியை நிறுத்தினேன். தொலைபேசியில் யார் அழைத்தாலும் முதலில் நிரப்பவேண்டிய பெட்டி ஒன்று வைத்தேன்: 'எந்தப் பேர்?' அதை நிரப்பாமல் அடுத்த பெட்டி திறக்காது. காகிதத் தூறலை நிறுத்தும் பொத்தான் நான்கு பக்கம் உள்ளே ஒளிந்திருந்தது. அதைத் தேடி அணைத்தபோதுதான் கொஞ்சம் மூச்சுவிட்டேன்.

இப்படி மாற்றமுடியும் என்று முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம். மென்பொருள் என்றால் கொழும்பில் கட்டி அனுப்புவது, அதற்குள் நாம்தான் குனிந்து நுழையவேண்டும் என்று நினைத்திருந்தேன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை போட்ட கதவில் குனிந்து நுழைந்த பழக்கம் இரண்டு தலைமுறை கழிந்தும் போகவில்லை.

மூன்று மாதம் கழித்து அவளுடைய அடையாள அட்டை வந்தது. தபாலில் அனுப்ப மனமில்லை. பஸ்ஸில் போய், மீதித் தூரம் நடந்தேன். லயத்தில் யாரும் இல்லை. மலையில் இருப்பதாகச் சொன்னார்கள். அம்மா இருக்கும் மலைக்குப் போனால், தேயிலை நிரையில் அம்மாவுக்கு அடுத்து அவளும் நின்றாள். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, தலைக்கயிற்றில் தொங்கும் கூடை.

"தோட்டத்துல வேலைக்குப் பேரு பதிஞ்சாச்சு மிஸ்," என்றார் அம்மா. "போன மாசம். சும்மா வீட்டுல ஒக்காந்திருந்தா முடியுமா?"

அவள் நிரையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தாள். கையைப் படங்கில் துடைத்துவிட்டு அட்டையை வாங்கினாள். அந்தச் சின்ன எழுத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் படித்தாள்.

"முழுப் பேரும் இருக்கு மிஸ்."

"மன்னிச்சிரும்மா. என்னாலதான்," என்றேன். அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன்.

அவள் தலைக்கயிற்றைத் தளர்த்தினாள். கூடையை எட்டிப் பார்த்தாள். மணி பன்னிரண்டுக்குக் கிட்ட இருந்தது, கூடை பாதிகூட நிறையவில்லை.

"போகணும் மிஸ். இங்க நின்னுக்கிட்டிருந்தா இன்னைக்கு அரைப்பேருதான் விழும்."

படம் எடுக்க நான் கைப்பேசியைத் தொடவே இல்லை. திரும்பும் பஸ்ஸில் அதில் எங்கள் வேலைப் பட்டியலைத் திறந்து, ஐந்தாவதாக ஒரு நிரல் போட்டேன். பிந்திருச்சு. அவளுடைய சீட்டை அதில் வைத்தேன். மறுநாள் பெரட்டில் அதிகாரிக்குச் சிரிப்பு இல்லை.

"மிஸ், அந்த அஞ்சாவது நிரல் ரிப்போர்ட்ல நல்லாயில்ல. எடுத்துருவமா?"

"மாட்டேன் சேர்."

"அப்ப வேற ஒரு பேராவது வைங்க."

"அதுக்கு அதுதான் சேர் பேரு," என்றேன். "முழுப் பேரு."