மல்லாட்டை உரித்து வாங்கிய வீட்டுப்பாடம்

அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் பதினெட்டு, இங்கிலீஷில் இருபத்தொன்று. முப்பத்தைந்து வாங்கினால்தான் பாஸ். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு மூன்றே மாதம் இருந்தது. விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வயிற்றில் புளியைக் கரைத்தது. எங்கள் மலையில் புளிக்கு என்றைக்கும் பஞ்சமில்லை, ஆனாலும் அவ்வளவு புளி ஒரே நாளில் கரைந்து நான் பார்த்ததில்லை.

எண்பதுகளின் ஆரம்பம் அது. ஜவ்வாது மலைமேல் எங்கள் பக்கத்தில் எட்டாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் அடிவாரத்துக்கு இறங்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து அப்படி இறங்கிய பெண்பிள்ளை நான் ஒருத்திதான். விடுதியில் என் தகரப் பெட்டியை வைத்துவிட்டுக் கிளம்பும்போதே அப்பா சொல்லிவிட்டார்.

"பத்துல தவறிட்டா மறு வருசம்னு எல்லாம் கேக்காத. மலைக்கு வந்துடு. உங்க அத்த வூட்ல கேட்டுக்கினே இருக்காங்க."

அத்தை மகன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சாது. ஆனால் அந்த வீட்டுக்குப் போய்விட்டால் என் பெயரை எழுத்தில் பார்க்கும் கடைசி இடம் கல்யாணப் பத்திரிகையாகத்தான் இருக்கும். அதுவும் பத்திரிகை அடித்தால்தான். எனக்கு மேலே படிக்க வேண்டும். என்னவாக வேண்டும் என்றெல்லாம் தெரியாது, படிப்பு நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

அந்தப் பதினெட்டு மார்க் விடைத்தாளில் ஒரு கணக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆறு பேர் நான்கு நாளில் களை எடுக்கும் நிலத்தை மூன்று பேர் எத்தனை நாளில் எடுப்பார்கள்? நான் நான்கு நாள் என்று எழுதியிருந்தேன். முட்டை போட்டிருந்தார் சார். எனக்கு அது தப்பென்றே தோன்றவில்லை. மூன்று பேர்தான் இருந்தால் யாராவது எட்டு நாள் களையை வளர விடுவார்களா? பக்கத்து வீடுகளிலிருந்து மூன்று பேரைக் கூப்பிட மாட்டார்களா?

எங்கள் மலையில் வேலை அப்படித்தான் நடக்கும். இன்றைக்கு என் சாமைக் காட்டில் நீ களை எடுத்தால் நாளைக்கு உன் காட்டில் நான். கூலி கிடையாது. ஆளுக்கு ஆள் போய்த் திரும்ப வேண்டும், அதை 'ஆள் போறது' என்போம். களையெடுத்த கை யாருடையதாக இருந்தாலும் விளைச்சல் காட்டுக்காரருடையது, அதில் யாரும் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார்கள். வாங்கிய ஆளைத் திருப்பாத வீடு ஒன்று எங்கள் ஊரில் இருந்தது. 'ஆள் திரும்பாத வூடு' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் அவர்கள் சாமை காட்டிலேயே உதிர்ந்தது, ஒருத்தர் எட்டிப் பார்க்கவில்லை.

எங்கள் வகுப்புக்குக் கணக்கும் இங்கிலீஷும் ஒரே சார்தான். அரையாண்டில் கோட்டைவிட்டவர்களை எழுப்பி நிறுத்தி, தினமும் பத்துக் கணக்கும் ஒரு பக்கம் இங்கிலீஷும் வீட்டில் எழுதி வர வேண்டும் என்றார். மூன்று நாள் எழுதாமல் வந்தால் அப்பாவைக் கூட்டி வர வேண்டும். அப்பா வந்தால் என் கதை முடிந்தது.

விடுதியில் யாரைக் கேட்பது? மற்ற பிள்ளைகள் எல்லாம் ஆறாவது, ஏழாவது. சமையல்கார அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். முதல் நாள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முழி பிதுங்க உட்கார்ந்திருந்தேன். கணக்கில் எழுத்து எதற்கு வருகிறது என்றே எனக்குப் புரியவில்லை. இரண்டாம் நாள் நோட்டின்மேல் தலையை வைத்து அழுதேன். இரண்டு நாளும் வெறும் நோட்டுதான். இன்னும் ஒரே ஒரு நாள் பாக்கி.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். டவுனுக்கு ஓரமாக அவர்களுக்கு நிலம், கிணறு எல்லாம் உண்டு. அவள் வீட்டுப்பாட நோட்டில் எல்லாக் கணக்குக்கும் டிக் இருக்கும். தண்ணீர்க் குழாய் அருகில் அவளை மடக்கினேன்.

"எனக்கு ஏதுடி நேரம்?" என்றாள். "வூட்டுக்குப் போனா மல்லாட்டை உரிக்கணும். வெதைக்கு. எங்கம்மா உக்கார வெச்சிடுவாங்க."

மல்லாட்டை என்பது நிலக்கடலை. விதைக்கு வேண்டியதை மெஷினில் போட்டால் பருப்பு உடையும், கையால்தான் உரிக்க வேண்டும். அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வழி தெரிந்துவிட்டது.

"உன் மல்லாட்டைய நான் உரிக்கிறேன். என் கணக்க நீ போடு."

அன்று சாயங்காலமே போய் உட்கார்ந்துவிட்டேன். அவள் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா, மலைக்காரப் பொண்ணா? பருப்பு ஒடையாம உரி. ஒடைஞ்சா மொளைக்காது" என்று சொல்லி ஒரு கூடையைக் கவிழ்த்தார். நான் உரிக்க, அவள் உள்ளே போய் என் கணக்கையும் இங்கிலீஷையும் தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். ஆறரை மணி அடிப்பதற்குள் விடுதிக்கு ஓடி, அதை நோட்டில் அழகாகப் பார்த்து எழுதினேன். மறுநாள் சார் எல்லாவற்றுக்கும் டிக் போட்டார்.

ஒரு மாதம் இப்படி. கட்டை விரல் நகம் சதையிலிருந்து விலகிவிட்டது. சாப்பிடும்போது குழம்பு பட்டால் உயிர் போகும். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், மனசு உறுத்தவே இல்லை. யாரிடமும் சும்மா வாங்கவில்லையே! ஆள் போனேன், என் காட்டில் களை எடுபட்டது. அது என் வீட்டுப்பாடம்தான் என்று முழுசாக நம்பினேன்.

ஒருநாள் சார் என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். "நேத்து போட்டியே ஏழாவது கணக்கு, அதப் போடு."

சாக்பீஸை வாங்கினேன். ஒரு கோடு இழுத்தேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

"நோட்ல இருக்கறது உன்னுதுதான?"

"என்னுதுதாங்க சார்."

"அப்ப போடு."

"நான் போடல சார். ஆனா என்னுதுதான். நான் அதுக்கு ஆள் போய்ட்டேன்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் சாக்பீஸைக் கீழே போட்டு உடைத்தேன். சார் மட்டும் சிரிக்கவில்லை. யாருக்குப் போனாய், என்ன வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் வேலையை மட்டும் சொன்னேன், ஆளைச் சொல்லவில்லை. முன்பெஞ்சில் அவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார் சார்.

நாசமாய்ப் போயிற்று என்று நினைத்தேன். அடிவாரத்துச் சந்தவாசலுக்குப் புளி கொண்டுவந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லியனுப்பினேன். இரண்டு நாளில் அப்பா வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஆசிரியர் அறை வாசலில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். சார் எல்லாவற்றையும் சொன்னார். அப்பாவுக்கு எதுவுமே விளங்கவில்லை.

"ஆள் போய்ட்டுதானங்க வாங்கிக்கிச்சு? சும்மா வாங்கலியே. இதுல இன்னாங்க தப்பு?"

"பெரியவரே, பரீட்சை ஹாலுக்குள்ள வேற ஆள் வர முடியாதுங்க. அங்க இந்தப் பொண்ணு ஒருத்திதான்" என்றார் சார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். எங்கள் ஊரில் தனி ஆளாக யாரும் ஒரு காட்டை எடுத்ததில்லை. அவர் முகம் மாறியது.

"ஒருத்தியா எடுக்கணுமா? எத்தினி நாளு கீது?"

"அம்பது நாள்பா."

"எடுத்துடுவியா?"

"எடுத்துடுவேன்பா" என்றேன். பச்சைப் பொய்.

"எடு. முடியலன்னா வந்துடு. அத்த வூட்ல வைகாசில வெச்சிக்கலாம்னு சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு அப்பா பஸ்ஸுக்குப் போனார்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு ஓடினேன். "இனிமே போட்டுக் குடுக்காத, சொல்லிக் குடு" என்றேன். திரும்பத் திரும்பக் கெஞ்சினேன். கடைசியில் உள்ளே போய், விதை மூட்டைக்குப் பின்னாலிருந்து அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் அண்ணன் படித்த பழைய கைடு. எல்லாக் கணக்கும் அதில் போட்டே இருந்தது. எல்லாக் கட்டுரையும் எழுதியே இருந்தது.

"எனக்கும் கணக்கு தெரியாதுடி. இதப் பாத்துதான் எழுதிக் குடுத்தேன்."

"அடிப்பாவி! அப்ப நான் எதுக்குடி உரிச்சேன்?" என்று இரண்டு கட்டை விரலையும் அவள் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன்.

"எனக்குத் தெரியும்னு நான் சொன்னனா? போட்டுக் குடுன்னுதான கேட்ட?" என்று அவள் அழ ஆரம்பித்தாள். "நான் மட்டும் இன்னா? பெயிலானா எங்கம்மா எனக்கும் மாப்பிள்ள பாத்துடுவாங்க."

அவளை அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பேன். ஆனால் கைடு அவளிடம் இருந்தது. எனக்கு வேறு யாருமில்லை. மறுநாளிலிருந்து நடுவில் அந்தப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு பேருமே உரித்தோம்.

விடையிலிருந்து பின்னோக்கிப் போய், இந்த வரி எங்கிருந்து வந்தது, அதற்கு முந்தின வரி எங்கிருந்து வந்தது என்று தேடினேன். பல நாள் மண்டை வெடித்தது. ஒருநாள் திடீரென்று காரணிக் கணக்கு பிடிபட்டது. கூட்டினால் இது, பெருக்கினால் அது, அப்படி இரண்டு எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். மல்லாட்டைப் பருப்பைத் தரையில் அடுக்கி அடுக்கி அதைப் பிடித்தேன். கணக்கு எனக்கு மெல்ல வழிக்கு வந்தது. இங்கிலீஷ்தான் வரவில்லை. அவளுக்கோ நேர்மாறு, இங்கிலீஷில் அவள் கெட்டி.

பேச்சு என்னவோ, அவள் எனக்கு இங்கிலீஷ், நான் அவளுக்குக் கணக்கு என்றுதான். ஆளுக்கு ஆள். ஆனால் என் இங்கிலீஷ் தேறுமா என்ற பயம் எனக்கு. "மொதல்ல என் இங்கிலீஷ முடிச்சிடலாம்டி, அப்புறம் உன் கணக்கு" என்பேன். அவள் வரிவரியாகப் படித்து அர்த்தம் சொல்வாள். லெட்டர், கட்டுரை, கேள்வி பதில் எல்லாம் என் வாயில் ஏறும்வரை விடாமல் சொல்ல வைப்பாள். முடிவதற்குள் ஆறரை மணி ஆகிவிடும். "நாளைக்கு உன் கணக்கு" என்று சொல்லிவிட்டு ஓடுவேன். என்றைக்காவது நேரம் மிச்சமிருந்து அவள், "இன்னொரு வாட்டி சொல்லேன்" என்று கேட்டால் எரிந்து விழுவேன். "உனக்கு மண்டைல ஏறவே ஏறாதா?" என்று கேட்டிருக்கிறேன். ஐம்பது நாளும் இப்படியே போயின.

ரிசல்ட் பேப்பரில் என் நம்பர் இருந்தது. கண்ணை நம்பாமல் மூன்று தரம் விரலை வைத்துப் பார்த்தேன். அவள் நம்பர் இல்லை. மார்க் வந்தபோது எனக்குக் கணக்கில் நாற்பத்து நான்கு, இங்கிலீஷில் நாற்பத்தொன்று. அவளுக்கு இங்கிலீஷில் ஐம்பத்தெட்டு, கணக்கில் இருபத்தொன்பது. பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்டோபர்ல திரும்ப எழுதலாமாம். எங்கம்மாகிட்ட அது வரைக்கும் தவணை வாங்கியிருக்கேன். இப்பயாச்சும் எனக்கு ஆள் வாடி."

"வர்றேன்" என்றேன். "கண்டிப்பா வர்றேன்."

நான் போகவில்லை. பதினொன்றாம் வகுப்புக்கு வேறு ஊரில் இடம் கிடைத்தது, வேறு விடுதி. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். சனி ஞாயிறு போயிருக்கலாம். ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்று தள்ளினேன். புதுப் பாடம் கஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. தப்பித்து வந்த இடத்துக்குத் திரும்பிப் போக எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் கைடை இன்னொரு தரம் திறக்கவே கூடாது என்றிருந்தது.

ஆவணியில் விடுதி முகவரிக்கு ஒரு மஞ்சள் தடவிய கவர் வந்தது. அவள் கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளை கலசப்பாக்கம் பக்கம். அவள் அம்மா அக்டோபர் வரை காத்திருக்கவில்லை. அவள் பெயர் அச்சில் பெரிய எழுத்தில் இருந்தது. கல்யாணத்துக்கும் நான் போகவில்லை.

அந்த வருஷம் அரையாண்டு லீவில் மலைக்குப் போனேன். மறுநாள் எங்கள் காட்டில் சாமை அறுப்பு. கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அப்பா நினைத்துக்கொண்டவர்போலக் கேட்டார்.

"அந்த மல்லாட்ட வூட்டுப் பொண்ணுக்கு ஆள் போய்ட்டு வந்துட்டியா?"

"போய்ட்டு வந்துட்டேன்பா."

"ம். அதான் முற" என்று சொல்லிவிட்டு அப்பா முன்னால் நடந்தார். நாங்கள் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஊரிலிருந்து பதினோரு பேர் எங்கள் சாமையை அறுக்க வந்து நின்றுகொண்டிருந்தார்கள்.