ஒன்றுவிட்டு ஒன்று

அறுபதுகளில் கடலூருக்குத் தெற்கே, கடலோர மணல்மேட்டுக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு மல்லாட்டைக் கொல்லை, அதாவது நிலக்கடலைக் கொல்லை, இருந்தது. கோடைக் காற்று கிளம்பினால் மணல் வந்து செடியை மூடிவிடும். அதற்காகத்தான் மேட்டில் சவுக்கு வைத்தோம். வைத்தோம் என்று பெருமைக்குச் சொல்கிறேன். கன்றை ஊன்றிவிட்டு என் வீட்டுக்காரர் சிதம்பரத்து ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டார். இடுப்பொடியக் குடம் சுமந்து ஊற்றியவள் நான்.

கன்றுகள் மரமாகி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பாதியைக் கழித்தால்தான் மீதி பருக்கும். கழித்தது விறகுக்கும் பந்தல்காலுக்கும் போகும். வாரம் ஒருமுறை வந்துபோகும் வீட்டுக்காரர் ஒரு திங்கட்கிழமை, பஸ் புறப்படும்போது, ஜன்னல் வழியாக என் தம்பியிடம் கத்தினார்: "மச்சான், சவுக்க ஒண்ணு விட்டு ஒண்ணு வெட்டிடு." பஸ் உறுமிய உறுமலில் அவன் காதில் "ஒண்ணு விடாம வெட்டிடு" என்று விழுந்திருக்கிறது. பெரிய மனுஷன் மாதிரி தலையை வேறு ஆட்டியிருக்கிறான்.

மறுநாள் மரம் வெட்டும் ஆட்களுக்குக் கூழ் எடுத்துப்போனேன். தெற்கே பாதி மேடு மொட்டையாகக் கிடந்தது. கொல்லையில் நின்றபடியே கடல் தெரிந்தது.

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

"மாமாதாங்கா ஒண்ணு விடாம வெட்டச் சொன்னாரு."

அடுத்து வெட்டவிருந்த மரத்தடியில் பானையோடு உட்கார்ந்துவிட்டேன். "வெட்டுறதுன்னா என்னையும் சேத்து வெட்டுங்க" என்றேன். ஆட்கள் கோடரியைப் போட்டுவிட்டு வந்தார்கள். எனக்குப் பயந்தா, கூழுக்கா என்று இன்றுவரை தெரியாது.

சனிக்கிழமை வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். தம்பி சமாதானம் சொன்னான்: "நீங்க சொன்னபடி பாதிதான் மாமா போயிருக்கு. ஒரே பக்கமாப் போயிடுச்சு, அவ்ளோதான்."

அந்தக் கோடையில் வடக்குப் பாதியில் மல்லாட்டை பச்சென்று நின்றது. தெற்குப் பாதியில் செடியைத் தோண்டித் தேட வேண்டியிருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

வெட்டிய சவுக்குக் கட்டை துளிர்க்காது. மழைக்குப் புதுக் கன்று நட்டோம். மழை விட்டதும் குடத்தைத் தம்பி தோளில் ஏற்றினேன். பாதி மேடு ஏறுவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, ஒண்ணு விட்டு ஒண்ணு ஊத்தட்டுமா?"

அன்றைக்குக் காதில் ஏறாத வார்த்தை இன்றைக்கு வாயில் எவ்வளவு சுத்தமாக வருகிறது பாருங்கள்.

"ஒண்ணு விடாம ஊத்து" என்றேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.