மில்லுக்குக் குறுக்கே போன கோடு

போன வாரம் என் மனைவி வீட்டிலேயே மாவு அரைக்கும் மெஷின் ஒன்று வாங்கினாள். மிக்சிக்கு அண்ணன் மாதிரி இருக்கும் அந்தப் பெட்டியில் முதல் போணியாக மிளகாயும் மல்லியும் போட்டாள். எனக்கு ஏழு தும்மல். "ஒரு கை மொளகாய்க்கே இந்த ஆட்டமா?" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். எட்டாவது தும்மலில் சுலைமான் பாய் ஞாபகத்துக்கு வந்துவிட்டார். 

தொண்ணூறுகளின் நடுவில் கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு சிவில் டிப்ளமோவும் ரெக்சின் பையுமாகக் கோயமுத்தூர் வந்து இறங்கியவன் நான். ரோடு அகலப்படுத்துவதற்கு அளவெடுத்து வரைபடம் போட்டுக் கொடுக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை. டேப்பைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தால், ஊரையே நான்தான் கட்டப்போகிறேன் என்று நினைப்பு. சட்டைப்பையில் மூன்று பேனா வேறு. உக்கடத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். நேர் எதிரே சுலைமான் பாயின் மாவு மில்.

மில் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வீட்டின் முன்னறைதான் மில். சிமெண்ட் மேடையில் ஒரு மோட்டார், பெல்ட், இரண்டு மெஷின். பின்கட்டில் பாயும் அவர் மனைவி சுபைதாம்மாவும் குடியிருந்தார்கள். வாசலில் எந்நேரமும் போசி வரிசை. பாத்திரத்தை நாங்கள் போசி என்போம். போசியை வைத்துவிட்டுப் பெண்கள் வீட்டுக்குப் போய்ச் சோறாக்கிவிட்டு வருவார்கள். போசி நின்றால் ஆளே நிற்கிற மாதிரி, யாரும் தள்ளி வைக்க மாட்டார்கள். சண்டை வருவது ஒரே விஷயத்தில்தான்: மிளகாய் அரைத்த கையோடு அடுத்து யார் போடுவது? "ஏனுங்க அம்மணி, உங்குளது கம்புதானுங்களே, மொதல்ல போடுங்க, காரம் அதோட போயிரும்" என்று பாய் கும்பிடாத குறையாகக் கேட்பார். அந்த அம்மணி வீட்டில் அன்றைக்குக் கம்பங்களி எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது இமையெல்லாம் மாவாக பாய் வாசலுக்கு வந்து கூப்பிடுவார். "தம்பி, டீ ஆறுதுங்க." தினமும் அந்த டீயைக் குடித்தேன்.

அளவெடுப்பு ஒருநாள் எங்கள் தெருவுக்கே வந்தது. நானே அளந்தேன், ரோடு எதுவரை வரும் என்று நானே ஆபீசில் உட்கார்ந்து கோடு போட்டேன். கோடு மில்லுக்குக் குறுக்கே போய், மோட்டார் மேடையையும் தாண்டித்தான் நின்றது. என் மாடி அறை இருந்த பக்கம் ஒரு செங்கல்கூடப் போகவில்லை. அது என் சூழ்ச்சி அல்ல, ரோட்டின் வளைவு அப்படி. அதை மட்டுமாவது நம்புங்கள்.

அந்த வாரமே பாய் கேட்டார். டீ கிளாசை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார்.

"தம்பி, போத்தனூர்ல ஒரு மில்லு குத்தகைக்கு வருதுங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள பதில் சொல்லோணும். இந்த எடம் போயிரும்னா அதப் புடிச்சுக்கலாம்னு பாக்கறேன். நம்ம மில்லுக்கு ஒண்ணும் ஆவாதுங்களே?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுங்க பாய். தைரியமா இருங்க."

நோட்டீஸ் போகும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது என்று ஆபீசில் உத்தரவு இருந்தது உண்மை. ஆனால் நான் பொய் சொன்னது அதற்காக அல்ல. எங்கள் கொங்குப் பக்கத்தில் முகத்துக்கு நேரே கெட்ட சேதி சொல்ல நாக்கு வராது. போகவே போவதில்லை என்று தெரிந்த கல்யாணத்துக்கும் "வந்தர்றனுங்க" என்று சொல்லித்தான் பழக்கம். கையில் அவருடைய டீயை வைத்துக்கொண்டு, "உங்க மில்லு போயிருங்க பாய்" என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். கோழைத்தனம்தான், வேறென்ன?

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் பின்சந்து வழியாக வேலைக்குப் போனேன். சனிக்கிழமை பாயே என் அறைக்கு ஏறி வந்தார். "வேண்டாம்னு சொல்லிப்போட்டனுங்க. நீங்க சொன்னதுக்கப்பறம் என்னங்க யோசனை?" என்றார். கையில் ஒரு பை சத்துமாவு கொண்டுவந்திருந்தார். அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

சில மாதத்தில் நோட்டீஸ் வந்தது, பின்னாலேயே இடிக்கிற இயந்திரமும் வந்தது. தெருவே கூடி நின்றது. யாரோ என்னைப் பார்த்து, "இவர் ஆபீஸ்தானுங்களே அளந்துச்சு?" என்று ஆரம்பித்தார். பாய் குறுக்கே வந்தார். "தம்பிய ஒண்ணுஞ் சொல்லாதீங்க. அவரு எவ்வளவோ சொல்லிப் பாத்திருப்பாரு. மேல இருக்கறவங்க கேக்கோணுமல்ல?" எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் துக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதமே காந்திபுரம் பக்கம் அறை மாற்றிக்கொண்டு போய்விட்டேன்.

தும்மிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, இத்தனை வருஷம் கழித்து அந்த உக்கடத்துத் தெருவுக்குப் போனேன். நடுவில் தடுப்புச் சுவர் வைத்த பெரிய ரோடு. இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கத்து ஆளைக் கூப்பிட்டால் காதில் விழாது. பாய் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது என்று ஒரு டீக்கடையில் சொன்னார்கள். சுபைதாம்மா குனியமுத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார் என்றார்கள். உண்மையைச் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனேன்.

சுபைதாம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, குரலை வைத்துக் கண்டுகொண்டார்.

"மாடி ரூம்பு தம்பிங்களா! வாங்க, உக்காருங்க. கடைசி வரைக்கும் இன்னொருத்தர் மில்லுலதான் கூலிக்கு அரைச்சாருங்க அவரு. எப்பப் பாத்தாலும் உங்க பேச்சுதான். 'நமக்குன்னு ஆபீஸ்ல சண்ட போட ஒருத்தர் இருந்தாரு'ம்பாரு. நெசமாலுமே ரொம்பப் பாடுபட்டீங்களா தம்பி?"

"ஆமாங்கம்மா" என்றேன். "எவ்வளவோ சொல்லிப் பாத்தனுங்க."