எட்டாம் வகுப்போடு கியூபெக் நகருக்கு: மூன்று நாளும் ஒரு போனும்

இந்த மாதம் மட்டும் மூன்று தாய்மார் என்னைக் கேட்டுவிட்டார்கள். "அக்கா, போன வருசம் பள்ளிக்கூடத்தோட கியூபெக் போனனீங்கள்தானே, எப்பிடி இருந்தது? பிள்ளையை விடலாமோ?" மூன்று பேருக்கும் போனில் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. நாலாவது ஆள் கேட்பதற்கு முன் எழுதி வைத்துவிடலாம் என்று இருக்கிறேன். போனில் சொல்லாத ஒன்றும் இதில் வரும். அது வேண்டாதவர்கள் சாப்பாடு, குளிர் பற்றிய பகுதிகளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் போனது 2009 மாசியில். வன்னியில் சண்டை அதன் கடைசிக்கு வந்துகொண்டிருந்த நாட்கள். என் ஒரே தம்பி அதற்குள் அகப்பட்டிருந்தான். யாரிடமாவது சற்லைற் போன் கிடைத்தால் இரண்டு நிமிடம் எனக்கு அழைப்பு எடுப்பான். எப்போது எடுப்பான் என்று அவனுக்கே தெரியாது. அவனுக்குப் பாடமான இலக்கம் என் கைபேசி இலக்கம் ஒன்றுதான். போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். தம்பி எடுப்பது என்னோடு கதைக்க. அதை இன்னொருவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை.

அந்த மாதங்களில் எங்கள் ஆட்கள் யாரும் பிறந்தநாள் வைக்கவில்லை. மண்டபத்துக்குக் கட்டிய காசைத் திருப்பி வாங்கினார்கள். நல்ல சேலை கட்டவே கூச்சமாக இருந்தது. வேலை முடிந்தால் பதாகையோடு வீதியில் நிற்பது, வீட்டுக்கு வந்தால் இணையத்தில் செய்தி பார்ப்பது, இவ்வளவுதான் வாழ்க்கை. இந்த நேரத்தில்தான் பிரெஞ்சு ரீச்சர் கூப்பிட்டு, கியூபெக் நகரின் பனிக்காலக் கார்னிவலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகத் துணைக்கு இன்னும் ஒரு பெற்றோர் வராவிட்டால் பயணத்தையே நிறுத்த வேண்டும் என்றார். அதைக் கேட்டு என் மகள் தர்ஷி குசினி வாசலில் வந்து நின்றாள், அவ்வளவுதான். நான் ஓம் என்றேன்.

லிஃப்ற்றில் மேல்மாடி அன்ரி பிடித்துக்கொண்டார். "நாடு கிடக்கிற கிடையில உங்களுக்குக் கார்னிவல் கேக்குதோ?" பிரெஞ்சுப் பாடத்துக்குப் புள்ளி இருக்கிறது என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டு என் மாடியில் இறங்கினேன்.

இனிப் பயணம். எங்கள் பகுதியான மோர்னிங்சைட்டிலிருந்து காலை ஆறு மணிக்கு பஸ் வெளிக்கிட்டது. கியூபெக் நகரம் ஏறக்குறைய எண்ணூறு கிலோமீற்றர். சாப்பிட, கழிப்பறைக்கு என்று நின்று நின்று போக மாலை நாலரை ஆகிவிட்டது. பிள்ளைக்கு 385 டொலர், துணைக்குப் போகிறவர்களுக்கு இலவசம். இலவசம் என்ற சொல்லில் மயங்கிவிடாதீர்கள். நாற்பத்துநாலு பிள்ளைகள், பெரியவர்கள் நாலு பேர். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். பயணத்துக்கு முதல் நாள் இரவு வேலை முடிந்து வந்து, பாணும் உருளைக்கிழங்குக் கறியும் கட்டி வைத்துவிட்டுப் படுக்கும்போது ஒரு மணி. பஸ்ஸில் ஒரே படத்தை இரண்டு தரம் போட்டார்கள். கிங்ஸ்டன் தாண்டுவதற்குள் இரண்டு பிள்ளைகள் சத்தி எடுத்தார்கள். பிளாஸ்ரிக் பை கொண்டுபோங்கள், நிறையக் கொண்டுபோங்கள்.

மதியம் நின்ற இடத்தில் போன் சார்ஜ் பண்ண முடியவில்லை. சாரதி ஒரு போலந்துக்காரர், பெரிய உடம்பு, காலையிலிருந்து யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்காத மனிதர். அவரிடம் போய்க் கேட்டேன். யாருடைய அழைப்புக்குக் காத்திருக்கிறாய் என்று கேட்டார். தம்பி, யுத்தத்துக்குள் இருக்கிறான் என்றேன். அவர் பஸ் சார்ஜரிலிருந்து தன் போனைக் கழற்றிவிட்டு என்னுடையதைச் செருகினார். அதன் பிறகு மூன்று நாளும் அந்த இடம் எனக்குத்தான்.

ஹோட்டல் நகரத்துக்கு வெளியே, அறைக்கு நாலு பிள்ளைகள். பத்து மணிக்குப் பிறகு ஒவ்வொரு அறைக் கதவிலும் வெளிப்பக்கமாக ஒரு துண்டு ஒட்டுநாடா போடுவார்கள். காலையில் அது கிழிந்திருந்தால் யாரோ வெளியே வந்திருக்கிறார்கள் என்று பிடித்துவிடலாம். மகளை அனுப்பப் பயப்படும் அம்மாமார் இதை வாசித்து நிம்மதியாக இருங்கள். உள்ளே இருந்து அவர்கள் போட்ட கூத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை, பழைய நகரம். சுற்றிவரக் கல்மதில், பீரங்கிகள், ஒடுங்கிய தெருக்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சரித்திரம். வழிகாட்டிப் பெண் இங்கிலீஷில் அழகாகச் சொன்னார். குளிர் மைனஸ் இருபத்துநாலு. எந்த அரசன் எந்த அரசனை எங்கே வென்றான் என்பது என் காதில் ஏறவே இல்லை. சண்டைக் கதை கேட்கும் நிலையிலும் நான் இல்லை. மதிலுக்கு மேலே நிற்கும்போது போனை எடுத்துப் பார்த்தேன், செத்துக் கிடந்தது. காலையில் முழு பற்றரி. குளிரில் பற்றரி இப்படி விழும் என்று அன்றுதான் தெரியும். சட்டைக்குள்ளே உடம்போடு வைத்துச் சூடாக்க, பதினைந்து நிமிடத்தில் உயிர் வந்தது. வெளிப் பொக்கற்றில் போன் வைக்காதீர்கள்.

மதியச் சாப்பாடு மேப்பிள் மரச் சாற்றை இனிப்புப் பாணியாகக் காய்ச்சும் மரவீடு ஒன்றில். பட்டாணிச் சூப், அவித்த போஞ்சி விதை, பன்றி இறைச்சி, எல்லாவற்றுக்கும் மேலே பாணி. சூப்பிலும் போஞ்சியிலும்கூடப் பன்றி இருக்கிறது. வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாத பிள்ளைகள் மூன்று பேர் என் பாணுக்கும் கறிக்கும் வரிசையில் நின்றார்கள். வெளியே பனியின் மேல் சூடான பாணியை ஊற்றித் தடியில் சுற்றித் தருவார்கள். அது அருமை, மறுக்க முடியாது.

பின்னேரம் மூன்று மணிக்கு, கோட்டை மாதிரி இருக்கும் பெரிய ஹோட்டலுக்குப் பக்கத்தில் உள்ள சறுக்குக்குப் போனோம். ஆற்றைப் பார்த்த அகன்ற மேடை அது. அதில் மரத்தால் கட்டிய நீளமான சறுக்கு. பலகை வண்டியை நாமே மேலே இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஒருவருக்கு இரண்டு டொலர். பிள்ளைகள் மூன்று தரம் போய்விட்டு வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அன்ரி, ஒருக்கா வாங்கோ! ப்ளீஸ் அன்ரி!" எனக்கு இருந்த களைப்புக்கு மறுத்துக்கொண்டிருக்கக்கூடச் சக்தி இல்லை. ஓம் என்பது சுலபமாக இருந்தது. போன் விழுந்துவிடும் என்று தர்ஷியிடம் கொடுத்தேன். "உள்ளுக்கை வைச்சிரு. அடிச்சால் உடனை எடு," என்றேன். அவள் கீழே சறுக்கு முடியும் இடத்தில் நின்றாள்.

மேலே ஏறியவுடன் இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் தள்ளிவிட்டார்கள். கண்ணைத் திறக்க முடியாத காற்று. நான் கத்தினேன். பிறகு அது சிரிப்பாகிவிட்டது. நிறுத்த முடியாத சிரிப்பு, வயிறு நோகிற சிரிப்பு. எத்தனை மாதத்துக்குப் பிறகோ தெரியாது. சில விநாடிகள்தான், கீழே வந்துவிட்டோம். வண்டியிலிருந்து எழும்பும்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

தர்ஷி போனைக் காதில் வைத்தபடி நின்றாள்.

"ஆர்?"

"மாமா. இப்பத்தான் கட் ஆனது."

"ஏன் என்னைக் கூப்பிடேல்லை?"

"நீங்க மேல இருந்தனீங்கள், அம்மா. I tried. மாமாதான் வேண்டாம் எண்டவர்."

நான் நம்பவில்லை. அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால், அந்த வெள்ளைக்கார ஊரில், வாயில் வந்ததெல்லாம் சொல்லி அவளை ஏசினேன். ரீச்சர் வந்து என் தோளில் கை வைத்தார். வந்த இலக்கத்துக்குத் திருப்பி அடித்து அடித்துப் பார்த்தேன், போகவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வெளிக்கிட்டு மாலை ஏழு மணிக்கு மோர்னிங்சைட் வந்து சேர்ந்தோம். அந்தப் பதினொரு மணித்தியாலத்தில் தர்ஷி தானாக வந்து என் பக்கத்தில் இருந்து எல்லாம் சொன்னாள். தமிழ் தட்டுப்பட்ட இடத்தில் இங்கிலீஷ் போட்டுச் சொன்னாள்.

அம்மா எங்கே என்று மாமா கேட்டானாம். ஸ்லைட்டில் வருகிறா என்றாளாம். என்ன ஸ்லைட் என்றானாம். ஸ்னோ, கார்னிவல் என்றாளாம். ஊரில் யாருக்கும் சொல்லாமல் நான் மறைத்து வைத்ததை அவள் அவனுக்கே சொல்லியிருக்கிறாள். "திருவிழா மாதிரியோ? நல்ல சனமோ?" என்று கேட்டானாம். அந்த நேரம் நான் கத்திக்கொண்டு இறங்கியிருக்கிறேன்.

"ஆர் உது கத்துறது எண்டு கேட்டவர். அது அம்மா எண்டன். He laughed, அம்மா. நான் உங்களைக் கூப்பிடப் போக, கூப்பிடாதை பிள்ளை, விளையாடட்டும், நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன் எண்டவர். பிறகு கட் ஆயிட்டுது."

வழியில் கோர்ன்வோல் ஊர் வரும் வரைக்கும் அதை நான் நாலைந்து தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். கடைசியில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.

அதற்குப் பிறகு தம்பி எடுக்கவில்லை. வைகாசியில் எல்லாம் முடிந்தது. முகாம்களில் தேடியாயிற்று, பதிய வேண்டிய இடமெல்லாம் பதிந்தாயிற்று. அவனைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் இல்லை.

அவன் முன்பு எடுத்த நேரமெல்லாம் நான் அழுதிருக்கிறேன். அவனுக்குக் கிடைத்த இரண்டு நிமிடத்தில் முக்கால்வாசியை என் அழுகை தின்றுவிடும். "அழாதை அக்கா, ஏதாவது கதை," என்று கெஞ்சுவான், எனக்குக் கதை வராது. என்னிடமிருந்து அவன் கடைசியாகக் கேட்டது அந்தச் சிரிப்பு. சில நாட்களில் அதை நினைத்தால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. சில நாட்களில் நெஞ்சு எரிகிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிள்ளையை விடுங்கள். இரண்டு சோடி கையுறை, நீர் புகாத சப்பாத்து, வெள்ளிக்கிழமை என்றால் கட்டுச்சாப்பாடு. துணைக்குப் போகச் சொன்னால் போங்கள், முடிந்தால் முதல் நாள் வேலைக்கு லீவு எடுங்கள். சறுக்கில் பின்னேரம் வரிசை நீளம், ஆனாலும் ஏறுங்கள். போனைப் பிள்ளையிடம் கொடுங்கள், அடித்தால் பிள்ளையே எடுக்கட்டும். நீங்கள் இறங்கி வருவதற்குள் அது கட் ஆகியிருந்தாலும், பிள்ளையை மட்டும் ஏசிவிடாதீர்கள்.